மூன்று அடாப்டர்களும் நந்தினியின் காதும்

இனிமேல் காதுக் கருவியை லேப்டாப்போடு இணைக்க ஒயரே வேண்டாமாம். பக்கத்தில் வைத்தால் போதும், இரண்டும் தாமாகவே பேசிக்கொள்ளுமாம். எங்கள் பழைய அலுவலகப் பிள்ளைகள் அப்படி இணைக்கும் புதுப் பெட்டியைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "மேடம், நீங்க ரிட்டயர்டு ஆகட்டும்னு காத்திருந்து வந்திருக்கு பாருங்க" என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. முப்பத்தொரு வருஷம் ஒயரோடு மல்லுக்கட்டியவளுக்கு வேறு எப்படி இருக்கும்? அதோடு விட்டார்களா? "உங்க அடாப்டர் கதையெல்லாம் எழுதிக் குடுங்க, புதுசா வேலைக்கு வாரவங்களுக்குக் காட்டணும்" என்று வேறு கேட்டுவிட்டார்கள். விளாங்குடி வீட்டில் மத்தியானத் தூக்கத்தைத் தவிர எனக்கு உருப்படியான வேலை எதுவும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்த வகுப்பில் பெண்கள் நாலு பேர். படித்து முடித்ததும் ஒரு வருஷம் டிவி ரிப்பேர், ஒரு வருஷம் வீட்டில் சும்மா, அப்புறம் இந்தக் காதுக் கருவி ஏஜென்சி. இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "பொறுமை இருக்காம்மா?" என்பதுதான். இருக்கிறது என்றேன். அது பொய். ஆனால் வேலை கிடைத்துவிட்டது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. புதிதாக வரும் காதுக் கருவி ஒரு வெற்றுப் பலகை மாதிரி. யாருக்கு எந்தச் சத்தம் எம்புட்டுக் கேட்கவில்லை என்று ஆடியாலஜிஸ்ட் அளவெடுத்து வைப்பார். அந்த அளவைக் கருவிக்குள் ஏற்றினால்தான் அது அந்த ஆளுடைய கருவி. ஏற்றாமல் மாட்டினால் ஒன்று கூவும், இல்லையென்றால் ஊமையாக இருக்கும். ஏற்றுவதற்கு நடுவில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. கருவியிலிருந்து பெட்டிக்கு ஒரு ஒயர், பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர். அந்த இரண்டாவது ஒயரில்தான் என் ஆயுசு போனது.

முதலில் ஒன்பது ஊசி வைத்த பெரிய சொருகி. அதற்கான துளையைப் புது லேப்டாப்பில் எடுத்துவிட்டார்கள். சரி என்று அதை யூஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் வாங்கினோம். பிறகு வந்த லேப்டாப்பில் அந்தப் பழைய யூஎஸ்பி துளையும் போய், மெலிசான நீள்வட்டத் துளை வந்தது. அதற்கு இன்னொரு அடாப்டர். லேப்டாப் மெலிய மெலிய என் தோள்பை கனத்துக்கொண்டே போனது.

அடாப்டர் எங்களை முதன்முதலில் கவிழ்த்தது திருப்பரங்குன்றத்தில். கல்யாண மண்டபம் ஒன்றில் இலவச முகாம். காலையிலிருந்து வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அலுவலகத்துப் பழைய லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய அடாப்டர், அன்று கொண்டுபோன புது லேப்டாப்பில் ஏறவே மாட்டேன் என்றது. இரண்டு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த அடாப்டருக்குள் இருந்த சில்லு போலி. பழைய லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவில்லை, புதியது கண்டுபிடித்துவிட்டது. வரிசையில் இருந்த ஒரு தாத்தா என்னைப் பார்த்து, "ஏத்தா, உன் மிசினுக்கே காது கேக்கலையோ?" என்றார். மண்டபமே சிரித்தது. காது கேட்காதவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அந்த முகாமுக்குப் பிறகுதான் எங்கள் மேனேஜர் சுந்தரவடிவேல் சார் வெள்ளைத் துண்டு முறையைக் கொண்டுவந்தார். சார் நல்ல உயரம், குரல் மட்டும் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும். அவர் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. கேள்வி மட்டும் கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை "ம்ம்" என்றுகூடச் சொல்லமாட்டார். போனில் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே உளறிவிடுவோம்.

முறை இதுதான். மேஜைமேல் ஒரு வெள்ளைத் துண்டை விரிக்க வேண்டும். அதில் நன்றாக வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த மூன்று பொருள்களை வைக்க வேண்டும்: ஒரு ஒயர், ஒரு அடாப்டர், ஒரு மவுஸ். அந்த மவுஸுக்குச் சிவப்பு நூல் கட்டியிருப்போம், சோதனைக்கு மட்டும்தான் அதைத் தொடலாம். கோளாறு வந்தால் ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். கழற்றியதைத் துண்டின் இடப்பக்கம் போட வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் சாருக்கு எப்படியோ தெரிந்துவிடும். "கலாவதி, எது சரியாச்சுன்னு இப்ப யாருக்குத் தெரியும்?" என்று அந்தத் தாலாட்டுக் குரலில் கேட்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

இன்னொன்றும் சொல்வார். "நினைக்கிறதைச் சொல்லாதீங்க, பாக்குறதைச் சொல்லுங்க." வாடிக்கையாளரிடம் "என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் உலகம் முழுக்க ஒரே பதில்தான், "ஒண்ணுமே பண்ணலையே." கருவியைக் குளியலறையில் போட்டவரும் அதைத்தான் சொல்வார், நாய் கடித்த கருவியைக் கொண்டுவருபவரும் அதைத்தான் சொல்வார். அதனால் சார் அந்தக் கேள்வியையே எங்கள் அலுவலகத்தில் தடை செய்திருந்தார்.

இப்போது நந்தினி கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது.

நந்தினி திருவாதவூர்ப் பெண், வயது இருபத்து மூன்று. பிறந்ததிலிருந்தே காது மிகவும் மந்தம், சின்ன வயதிலிருந்தே எங்களிடம்தான் கருவி. கருவி இல்லாமல் போனால் உதட்டசைவைப் பார்த்தே முக்கால்வாசியைப் பிடித்துவிடுவாள். நூலக அறிவியல் படித்திருந்தாள். திருப்பரங்குன்றம் போகும் சாலையில் ஒரு கல்லூரியில் நூலக உதவியாளர் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு அவளுடைய பழைய கருவி செத்துப்போனது. புது ஜோடி முந்தின நாள் சாயங்காலம்தான் கூரியரில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆடியாலஜிஸ்ட் அவளுடைய அளவுகளைத் தயார் செய்து அனுப்பிவிட்டார். ஏற்றுவது மட்டும் என் வேலை. அரை மணி நேரம் போதும் என்று காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அவளும் அவளுடைய அப்பா பெரியகருப்பனும் வந்துவிட்டார்கள். அவர் விவசாயி. மகளோடு இருபது வருஷம் பேசிப் பேசி, யாரிடம் பேசினாலும் வயல் கடைசியில் நிற்பவரைக் கூப்பிடுகிற மாதிரிதான் பேச வரும்.

"வணக்கம் மேடம்! பிள்ளை ராத்திரி தூங்கவே இல்லை! கருவி இல்லாமப் போனா உதட்டையே பாத்துக்கிட்டு இருப்பா! அங்கன நாலு பேரு உக்காந்து கேட்டா எந்த உதட்டைப் பாப்பா, சொல்லுங்க!"

அவர் சொன்னது நியாயம். நாலு பேர் நாலு பக்கமிருந்து கேள்வி கேட்டால் உதட்டசைவு கைகொடுக்காது. போன வருஷம் பழைய கருவி அரைகுறையாகக் கேட்டபோது வேறு ஒரு இடத்தில் அப்படித்தான் கோட்டை விட்டாள் என்றார். அந்தப் பெண் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள், ஆனால் கையிலிருந்த கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

எங்கள் பழைய லேப்டாப் அதற்கு முந்தின வாரம் கண்ணை மூடியிருந்தது. முந்தின நாள்தான் புதியது வந்தது. வெள்ளி நிறம், தோசைக்கல் கனம்கூட இல்லை. இடப்பக்கம் மெலிசான இரண்டு துளைகள், அவ்வளவுதான். மென்பொருளை எல்லாம் முந்தின நாளே ஏற்றி வைத்திருந்தேன். அடாப்டர் மட்டும் அன்று காலை டவுன்ஹால் ரோட்டில் காதர் அண்ணே கடையில் வாங்கி வந்தேன். காதர் அண்ணே பத்துப் பன்னிரண்டு வருஷமாக எங்களுக்குச் சில்லறைச் சாமான் கொடுப்பவர், அடாப்டரைப் பற்றி அவருக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது.

அடாப்டரைச் சொருகினேன், பெட்டியை மாட்டினேன். லேப்டாப் "டிங்" என்ற சத்தத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

வெள்ளைத் துண்டை விரித்தேன். துண்டில் இருக்கவேண்டிய நல்ல அடாப்டர் இந்தப் புதுத் துளைக்குப் பொருந்தாது, அதனால் இரண்டே பொருள்தான். சிவப்பு நூல் மவுஸை மாட்டினேன். "டிங்" என்றது, மவுஸ் ஓடியது. அப்படியானால் பெட்டிதான் கெட்டதா? பெட்டியை மாட்டினேன், சத்தமில்லை. மறுபடி மவுஸை மாட்டினேன், அதுவும் சத்தமில்லை. இப்போதுதானே ஓடியது! அடுத்த துளையில் போட்டேன், அங்கேயும் இதே கூத்து. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். பெட்டி ஒரு தடவை இணைந்தது, மூன்று விநாடியில் அறுந்தது. அப்படி அறுந்து அறுந்து இணையும்போது ஏற்றக் கூடாது. பாதியில் நின்றால் கருவி ஒன்றுக்கும் ஆகாது, கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். மணி பதினொன்று ஆகிவிட்டது.

"அண்ணே, அடாப்டர் சரியில்லைன்னு நினைக்கிறேன்" என்று பெரியகருப்பனிடம் சொன்னேன். நினைக்கிறதைச் சொல்லாதே என்று இத்தனை வருஷம் பாடம் படித்தவள் நான்.

பெரியகருப்பன் எழுந்துவிட்டார். "இருங்க மேடம், நான் போயி வேற ஒண்ணு வாங்கிட்டு வாரேன்!" மகளையும் கூட்டிக்கொண்டு நடந்தே போனார். இருபது நிமிஷத்தில் புது அடாப்டரோடு வந்தார். அதுவும் அதே பாடு. ஒரு தடவை ஓடும், மறுதடவை ஓடாது. "இதுவும் டூப்ளிகேட்டுப் போல" என்று என் வாயிலிருந்து வந்தது. அவர் மகளோடு மறுபடி போனார். இந்தத் தடவை அவர் கடையில் போட்ட சத்தம் எங்கள் மாடி ஆபீஸ் வரை கேட்டிருக்கும் என்று பிறகு கேள்விப்பட்டேன். "ஏன்யா, ஒரு பிள்ளை வாழ்க்கையில விளையாடுறியா?" என்று கேட்டாராம். மூன்றாவது அடாப்டரும் வந்தது. மணி பன்னிரண்டரை. மூன்றாவதும் அப்படியேதான்.

சுந்தரவடிவேல் சார் அன்று திண்டுக்கல்லில் இருந்தார். போன் போட்டேன்.

"சார், பெட்டி ஏற மாட்டேங்குது. மூணு அடாப்டர் மாத்திட்டேன். லேப்டாப் புத்தம் புதுசு, நான் ஒண்ணுமே பண்ணலை."

மௌனம். எனக்கே நான் சொன்னது உறைத்தது.

"அடாப்டரை எந்தப் பக்கமா வச்சுச் சொருகுனீங்க கலாவதி?"

"எப்படி வேணாலும் சொருகலாம் சார். அதுதானே இந்த மாடலோட பெருமை."

"அதனாலதான் கேக்குறேன். அடாப்டர் ஒரு பக்கத்துல பேனாவுல ஒரு கோடு போடுங்க. கோடு மேல இருக்கிற மாதிரி ஒரு தடவை, கீழ இருக்கிற மாதிரி ஒரு தடவை. என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."

கோடு போட்டேன். கோடு மேலே இருந்தால் "டிங்". கீழே இருந்தால் மூச்சே இல்லை. மறுபடி மேலே, "டிங்". மறுபடி கீழே, மூச்சில்லை. இரண்டாவது அடாப்டருக்கும் கோடு போட்டேன், மூன்றாவதுக்கும் போட்டேன். மூன்றும் அச்சாக ஒரே மாதிரி, ஒரு பக்கம் ஓடியது, திருப்பினால் செத்தது. ஓடிய பக்கத்திலும் ஒயரை லேசாகத் தொட்டால் அறுந்தது. இத்தனை நேரமும் அடாப்டரையே கழற்றிக் கழற்றி மாட்டும்போது எந்தப் பக்கம் வந்தது என்று நான் கவனிக்கவே இல்லை. அதனால்தான் ஒரு தடவை ஓடியது, மறுதடவை ஓடவில்லை.

"மூணும் ஒரே மாதிரி கெட்டுப்போகுமா?" என்றார் சார். "துளைக்குள்ள பாருங்க."

துளைக்குள் எதை வைத்துப் பார்ப்பது? காதுக்குள் பார்க்கிற டார்ச் எங்களிடம் உண்டு. பூதக்கண்ணாடியும் விளக்கும் சேர்ந்தது, முனையில் சின்னக் கூம்பு இருக்கும். ஆயிரக்கணக்கான காதுகளைப் பார்த்த அந்த டார்ச்சை லேப்டாப்பின் துளையில் வைத்துக் குனிந்தேன்.

உள்ளே மேல்வரிசைத் தகடுகளின்மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. நடுவில் துளியூண்டு சிவப்பு. பார்த்தால் அசல் காதுக் குறும்பி. ஆனால் லேப்டாப்புக்கு ஏது குறும்பி?

அப்புறம்தான் புத்திக்கு எட்டியது. அது சந்தனம், சிவப்பு குங்குமம்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாக எது வந்தாலும், ஆபீஸ் ஃபேனாக இருந்தாலும், பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் வைக்காமல் வேலைக்கு இறக்கமாட்டோம். அந்த வேலை என்னுடையது. முந்தின நாள் மென்பொருள் ஏற்றி முடித்ததும் நானே வைத்தேன். மூடியில் வைத்தால் வெள்ளி நிறத்தில் கறை பிடிக்கும் என்று அதிபுத்திசாலித்தனமாக யோசித்து, கண்ணுக்குத் தெரியாத இடமாக இடப்பக்க ஓரத்தில் வைத்தேன். சந்தனத்தைக் குழைத்ததும் சரியில்லை, மோர் மாதிரித் தண்ணீராக இருந்தது. பெரிய பொட்டாக வேறு வைத்தேன். ஒரே பொட்டு, அருகருகே இருந்த இரண்டு துளைக்கும் சேர்த்து. வெளியில் வழிந்ததைத் துடைத்தபோது மிச்சத்தை உள்ளேயும் நானே தள்ளியிருக்கிறேன்.

"என்ன தெரியுது?" என்றார் சார்.

பெரியகருப்பன் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நந்தினி எதிரே உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தூசி சார்" என்றேன்.

போனை வைத்துவிட்டு லேப்டாப்பை முழுக்க அணைத்தேன். காதுக் கருவியில் குறும்பி எடுக்க எங்களிடம் மெல்லிய பிரஷ் உண்டு. அதை ஸ்பிரிட்டில் தொட்டு, உதறி, உள்ளே விட்டு வெளியே இழுத்தேன். மஞ்சளாக வந்தது. பிரஷைத் துடைத்து மறுபடி. ஒரு துளைக்கு ஏழெட்டுத் தடவை. அழுத்தினால் தகடு வளைந்துவிடும், அழுத்தாவிட்டால் சந்தனம் வராது. பூச்சு பிடிவாதமாக இருந்தது, வாசனை மட்டும் நன்றாக இருந்தது. ஊதுபந்தால் ஊதி, ஈரம் காய ஐந்து நிமிஷம் விட்டேன். அந்த ஐந்து நிமிஷமும் சுவர்க் கடிகாரத்தை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோடு மேலே, "டிங்". கோடு கீழே, "டிங்". ஒயரை ஆட்டினேன், இணைப்பு அறுந்துபோகவில்லை.

ஒன்று பத்துக்கு அவளுடைய அளவுகள் இரண்டு கருவியிலும் ஏறி முடிந்தன. காதில் மாட்டி, மெதுவாக ஒலியைத் திறந்தேன். நந்தினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேக்குதா தாயி!" என்று கத்தினார் பெரியகருப்பன்.

அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, ஏன்ப்பா இம்புட்டுச் சத்தமாப் பேசுறீங்க?"

மனுஷர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் என்னிடம், "என்னதான் கோளாறு மேடம்?" என்று கேட்டார், தன்னால் முடிந்த அளவு சன்னமாக.

"அடாப்டர்தாண்ணே படுத்திருச்சு. இப்ப சரியாயிருச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வெட்கம்தான், வேறென்ன. முப்பது வருஷ அனுபவம் என்று பேர் வைத்துக்கொண்டு, வேர்வை ஒழுக இரண்டு தடவை அந்த மனுஷரை வெயிலில் நடக்கவிட்டது நான் வைத்த பொட்டு என்று எப்படிச் சொல்வது?

அவர்கள் முன்னறையில் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, நான் உள்ளறை ஜன்னல் பக்கம் போய்ச் சாருக்குப் போன் போட்டேன். அவரிடம் மறைத்துப் பிழைக்க முடியாது. குரலைத் தாழ்த்தி, கையால் வாயை மறைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், குங்குமம், மோர்ப் பதம், காதர் அண்ணே கடையில் நடந்த ரகளை, எல்லாம்.

சார் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ம்ம். காதர்கிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அப்பாவும் மகளும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலரை மணிக்குப் பெரியகருப்பன் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அவர் குரலுக்குப் பயந்து போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், நந்தினி பேசுறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் என்னோடு போனில் பேசியதே இல்லை. போனில் உதடு தெரியாதே.

"அஞ்சு பேரு கேட்டாங்க மேடம். கடைசியா ஒருத்தர் பேப்பரைப் பாத்துக்கிட்டே, குனிஞ்ச தலை நிமிராமக் கேட்டார். அதுவும் கேட்டுச்சு. திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏதோ வாழ்த்துச் சொன்னேன். அவள் போனை வைக்கவில்லை.

"இன்னொண்ணு மேடம். நீங்க உள்ள சார்கிட்ட மெதுவாப் பேசுனீங்கள்ல, சந்தனம் வச்சதைப் பத்தி. எனக்குக் கேட்டுச்சு."

நான் சுந்தரவடிவேல் சாரைவிட நீளமான மௌனத்தில் இருந்தேன்.

"உதட்டைப் பாத்துச் சொல்லலை மேடம். நீங்க எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நின்னீங்க. முழுசாக் கேட்டுச்சு" என்றாள். குரலில் அத்தனை பெருமை. பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அப்பாகிட்ட நான் சொல்லலை. ஆனா, காலையில கடையில அப்பா போட்ட சத்தம் எனக்குக் கேக்கலை. அந்த அண்ணே மூஞ்சியைத்தான் பாத்தேன். பாவம் மேடம்."

மறுநாள் காலை காதர் அண்ணே வரும்போதே கடை வாசலில் நின்றேன். ஷட்டரைத் தூக்கிவிட்டு என்னையும் என் கையிலிருந்த மூன்று அடாப்டர்களையும் பார்த்தார். "என்ன மேடம், இதுவும் டூப்ளிகேட்டா?" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் சுட்டது.

"இல்லண்ணே, மூணுமே அசல். தப்பு என் மேலதான்" என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காந்து சொல்லுங்க" என்றார். உட்கார்ந்தேன். பெரியகருப்பனுக்கு அங்கிருந்தே போன் போட்டு, காதர் அண்ணேயும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து, முதலிலிருந்து சொன்னேன்.